அசையாத கையும் வினைக்கோட்பாடும்

பிரசவத்தின்போது தலை வெளிவந்த பின்னர் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் தடைபட்டு நிற்பதுண்டு; அந்தச் சில நிமிடங்களில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான கோணம் அளவுக்கு மீறி விரிவதால், கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பித் தம்முள் பின்னிக் கைக்கு இறங்கும் நரம்புத் தொகுதி இழுபடுகிறது. புயநரம்புப் பின்னல் என்று சொல்லத்தக்க இத்தொகுதியின் மேல்வேர்கள் இரண்டும் ஊறுபட்டால் தோளும் முழங்கை மடக்கும் செயலிழந்து, கை உடலோடு ஒட்டி உள்நோக்கித் திரும்பிக் கிடக்கும். 1874இல் இதனை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் பெயரால் மருத்துவமனைகளில் இதை ‘எர்ப்ஸ் பால்சி’ என்கின்றனர். ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ ஒன்று இரண்டு என்ற அளவில் நேரும் இக்காயம் மருத்துவத்துக்கு ஒரு வினாவையும் சமயத்துக்கு வேறொரு வினாவையும் எழுப்புகிறது. கை எப்போது எழும் என்பது முதல் வினா. எந்தச் செயலையும் செய்யும் முன்பே ஓர் உயிர் துன்பத்தோடு பிறப்பது எவருடைய வினையால் என்பது இரண்டாவது.

இரண்டாம் வினாவுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை தேடிவந்த நிலம். சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டக் குகையில் சமண முனிவர் கிடந்த கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் இன்றும் உள்ளன. மாவட்டத்தின் தென்கிழக்கில் ஆவுடையார்கோயில், மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறையாகப் போற்றப்படுகிறது. வடக்கே ஆவூர் பழைய கத்தோலிக்கத் தலம். ஆயினும் கை அசையாத பச்சிளங்குழந்தை வீட்டுக்கு வந்ததும் முதலில் பேசப்படுவது இத்தத்துவங்களில் எதுவுமன்று. ‘உரம் விழுந்திருக்கிறது’ என்று ஒருவர் சொல்வார். தூக்கும்போது குழந்தை வீரிட்டு அழுவதற்குத் தமிழக ஊர்ப்புறம் கண்ட காரணம் அது, அதற்கென உரம் எடுக்கும் கைகளும் உண்டு. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாளா, பிறந்த நட்சத்திரம் எது, தாய்மாமனுக்கு ஆகுமா என்ற கேள்விகள் அடுத்து வரும். இவையெல்லாம் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: பிள்ளை பெற்றவளிடம். வினைக்கோட்பாடு என்ற பெயரில் ஊரில் புழங்குவது பல நேரங்களில் இந்தப் பழி பங்கீடுதான். அதற்குச் சமணமோ சைவ சித்தாந்தமோ பொறுப்பேற்க வேண்டியதில்லை.

சமணம் வினையை நுண்ணிய பருப்பொருளாகக் கருதுகிறது. உயிரின் செயலாலும் விருப்பு வெறுப்பாலும் ஈர்க்கப்பட்டு அதில் படியும் இப்பொருள் எண்வகைப்படும். உடலின் அமைப்பை வகுப்பது அவற்றுள் நாம கன்மம். இங்கே தண்டிக்கும் கடவுள் இல்லை, தீர்ப்பு இல்லை, ஆகவே குற்றவாளியும் இல்லை. மேலும், ஒரு நிகழ்ச்சிக்கு வினை ஒன்றையே காரணமாகக் கொள்ளாமல் காலம், இயல்பு, நியதி, வினை, முயற்சி ஆகிய ஐந்தும் கூடியே எதுவும் நிகழ்கிறது என்பது சமண மரபின் நிலைப்பாடு. தோள் தடைபட்டதற்குக் குழந்தையின் எடை, தாயின் சர்க்கரை நோய், இடுப்பின் அமைப்பு, நேரம் ஆகிய பலவும் சேர்ந்து காரணமாகும் என்று மகப்பேற்று மருத்துவர் கூறுவதை ஏழடிப்பட்டத்து முனிவர் மறுத்திருக்கத் தேவையில்லை.

சைவ சித்தாந்தத்தின் நிலை இதைவிடக் கடுமையானது. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் உயிர் கருவில் புகும்போதே அமைந்துவிடுகின்றன என்கிறார். இவற்றுக்குக் காரணம் முன்செய்த வினை. இப்பிறவியில் செய்வது மேல்வரும் பிறவிக்கு வித்தாகும். இதை மேலோட்டமாகப் படிப்பவருக்கு, பிணி கருவிலேயே அமைந்ததென்றால் பயிற்சியும் சிகிச்சையும் எதற்கு என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் இக்கொள்கையில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு. இப்பிறவியில் நுகர்வதற்கென வகுக்கப்பட்ட வினைப்பகுதியான பிராரத்தம் எவ்வளவு என்பதை, நுகர்ந்து முடியும்வரை அந்த உயிரே அறியாது. அறிபவன் இறைவன் ஒருவனே. ஒரு குழந்தைக்கு விதிக்கப்பட்ட பிணி ஆறு வாரத்துக்கா ஆயுள் முழுமைக்கா என்பதைப் பத்தாம் நாளில் சொல்லக்கூடிய மனிதர் எவரும் இல்லை. ஆகவே ‘விதி, விட்டுவிடு’ என்று சொல்பவர் அடக்கத்தோடு பேசுவதாகத் தோன்றினாலும், உண்மையில் இறைவனுக்கு மட்டுமே உரிய அறிவைத் தமதாக்கிக்கொள்கிறார். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் ஒரே நூலில் நிற்கவிட்டிருப்பதும் இவ்வறியாமையைக் கணக்கில் கொண்டே எனலாம்.

பழி தேடும் பழக்கம் வினைக்கோட்பாட்டை ஏற்ற மண்ணுக்கு மட்டும் உரியதன்று. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் இயேசுவைக் கேட்டதாகவும், இருவரும் அல்லர் என்று அவர் விடையிறுத்ததாகவும் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. 1859 ஜனவரியில் பெர்லினில் கால்புறம் முன்னாகப் பிறந்து இடக்கை செயலிழந்த குழந்தை, பின்னாளில் ஜெர்மானியப் பேரரசன் இரண்டாம் வில்ஹெல்ம் ஆனான். அக்கைக்கு மின்சாரம் பாய்ச்சினர். அப்போதே கொன்ற முயலின் உடலுக்குள் கையை வைத்துக் கட்டினர். விக்டோரியா மகாராணியின் மகளான தாய் தன் மகனின் கையை எண்ணி வெட்கமும் வேதனையும் கொண்டாள். அரண்மனையின் அறிவு உரம் எடுப்பதைவிட மேலானதாக இருக்கவில்லை. இன்று பிள்ளைப்பேறு மருத்துவமனைக்கு நகர்ந்துவிட்டது; புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலேயே தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. பழியும் உடன் நகர்ந்து, பேறு பார்த்தவர் இழுத்துவிட்டார் என்ற வடிவத்தைப் பெற்றுள்ளது. கவனக்குறைவால் நேர்ந்தவை உண்டு, அவை விசாரிக்கப்படவேண்டும்; ஆயினும் கருப்பை தள்ளும் விசையாலேயே இக்காயம் நேரக்கூடும் என்று அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2014இல் வெளியிட்ட அறிக்கை ஏற்றிருப்பதால், ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும் என்பது மருத்துவ அடிப்படையிலும் நிற்காது.

இனி முதல் வினாவுக்கு வரலாம், ஏனெனில் தத்துவத்துக்கு மிகுந்த ஒளி தருவது அதுதான். இழுபட்ட நரம்பு மூவகையில் ஊறுபடுகிறது: உறை மட்டும் அதிர்ந்து கடத்தல் நின்றிருந்தால் சில வாரங்களில் தானே மீளும், உள்ளிழை அறுந்து உறை நின்றிருந்தால் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து, கழுத்திலிருந்து மேற்கைத் தசையை அடையப் பல மாதம் கொள்ளும், முற்றும் அறுந்திருந்தாலோ தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தாலோ தானாக மீளாது. பெரும்பாலான குழந்தைகளின் காயம் முதல் இரு வகைகளைச் சார்ந்தது. முதற்சில நாட்கள் வலி தணியக் கைக்கு ஓய்வு தந்து, காறை எலும்பு முறிந்திருக்கிறதா, மூச்சு சீராக உள்ளதா, கண்ணிமை தாழ்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பின்னர், பிசியோதெரபி தொடங்குகிறது. துணி மாற்றும்போதெல்லாம் தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் மெல்ல, வலிக்காத எல்லைவரை, அவற்றின் முழு வீச்சில் அசைத்துத் தருவதும், சட்டை போடும்போது ஊறுபட்ட கையை முதலிலும் கழற்றும்போது கடைசியிலும் கையாள்வதும், அக்குளில் கைகொடுத்தோ கையைப் பிடித்தோ தூக்காமலிருப்பதும், உணர்வு மங்கிய விரல்களைத் தொட்டு வருடி அக்கை தன்னுடையது என்று குழந்தை மறந்துவிடாமல் காப்பதும் தாய்க்குக் கற்பிக்கப்படுகின்றன. கால்நீட்டி அமர்ந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியின் கைகளை விலக்கவேண்டியதில்லை. கைகளைக் குறுக்கே இழுத்துச் சொடுக்கெடுப்பதையும், சேலையில் இட்டு உருட்டி உரம் எடுப்பதையும் மட்டும் அவர் நிறுத்தவேண்டும்.

இப்பயிற்சிகளில் எதுவும் நரம்பை வளர்ப்பதில்லை என்பது இங்கே கருதத்தக்கது. நரம்பு தன் போக்கில், தன் வேகத்தில் வளர்கிறது. தாயின் கை செய்வதெல்லாம், அது வந்து சேரும் நாளில் மூட்டு இறுகிப்போயிராமலும் தசை சுருங்கிப்போயிராமலும் காப்பதுதான். பயனை உண்டாக்காத, ஆனால் பயன் வருவதற்கு இன்றியமையாத இத்தகைய முயற்சிக்குச் சைவ சித்தாந்தத்தில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. சரியை, கிரியை, யோகம் என்னும் நெறிகளில் உயிர் செய்யும் தொண்டுகள் திருவருளை விலைக்கு வாங்குவதில்லை. உயிரை மறைக்கும் ஆணவமலம் தன் வலி குன்றும் பக்குவத்தை, அதாவது மலபரிபாகத்தை, நோக்கி உயிரைச் செலுத்துகின்றன, அப்பக்குவத்தில் அருள் தானே பதிகிறது. அரசனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சரான மாணிக்கவாசகரைத் திருப்பெருந்துறைக் குருந்தமரத்தடியில் இறைவன் ஆட்கொண்ட வரலாறு, அவர் அன்று செய்த எந்த முயற்சிக்கும் கூலியாகச் சொல்லப்படவில்லை. பக்குவம் மட்டும் முன்பே இருந்தது. அத்தலத்துக் கருவறையில் ஆவுடையார் மட்டும் இருக்க, அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லாமல் ஆன்மநாதர் அருவமாக வழிபடப்படுகிறார். வழிபாட்டுக்கு வேண்டியவை அனைத்தும் நாள்தோறும் நடக்கின்றன.

ஆயினும் இவ்வொப்புமையை ஓர் எல்லைக்குமேல் நீட்டுவது தவறு மட்டுமன்று, ஆபத்துமாகும். உயிரின் பக்குவத்துக்குப் பிறவிகள் எத்தனையும் உண்டு. தசைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. நரம்பு சென்று சேராத தசையில், அதை ஏற்கும் முனைகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் மீளமுடியாதவாறு சிதைகின்றன. அதனால்தான் மூன்றாம் மாதத்தில் முழங்கை தன் விசையில் மடங்குகிறதா என்பதை மருத்துவர்கள் முக்கிய அடையாளமாகக் கொள்கின்றனர்; மடங்காவிடில், காலிலிருந்து எடுத்த உணர்வு நரம்பைக் கொண்டு ஒட்டும் நுண்ணறுவைக்கு உரியதா என்று அதற்கான சிறப்பு மையத்தில் அடுத்த சில மாதங்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அமைக்கப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இத்தகைய குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து மேற்சிகிச்சைக்கு அனுப்புவதற்கானவை. காலத்தை எண்ணாமல் காத்திருப்பது வழிபாட்டில் சிறப்பு. இங்கே அது கைவிடுதலாகிவிடும். சித்தாந்த நூல்கள் இவ்வேறுபாட்டைப் பேசவில்லை, பேசவேண்டிய தேவையும் அவற்றுக்கு இருந்ததில்லை.

வழக்காற்றுச் சமயத்தில், எதிர்பாராத வகையில், இதற்கு இடம் இருக்கிறது. விராலிமலை முருகனிடம் பிள்ளையை ஒப்புக்கொடுத்து, தவிட்டை ஈடாகத் தந்து திரும்பப் பெறும் நேர்த்திக்கடன் இம்மாவட்டத்தில் உண்டு. அதன்படி வீடு திரும்பும் குழந்தை பெற்றவரின் உடைமையாக அன்றி, இறைவன் பிள்ளையாக, வளர்க்கத் தரப்பட்டதாக வருகிறது. முழுமையாக மீளாமல், பெரியவனானபின் தலைக்குமேல் உயராமலோ சற்றுக் குட்டையாகவோ கை நின்றுவிட்டாலும், அதனைக் குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்காக எண்ணும் உரிமை அவ்வொப்பந்தத்தில் எவருக்கும் இல்லை. நேர்த்திக்கடனுக்குக் குறித்த நாளும் அறுவை மருத்துவர் குறித்த நாளும் ஒரே வாரத்தில் வந்துவிடும் வீடுகளில், மொட்டையும் காதுகுத்தும் அடுத்த தைக்குத் தள்ளிவைக்கப்படலாம். தள்ளிவைத்த கடனைச் சாமி பொறுத்துக்கொள்ளும்.