பழைய கடதாசி யாருக்குச் சொந்தம்?



ஊரூராகச் சென்று கற்றும் கற்பித்தும் வாழ்ந்த ஒரு சித்திர ஆசிரியர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவரிலே தொங்கும் அவருடைய ஓவியங்களைப் பிள்ளைகள் பங்கிட்டுக் கொள்கிறார்கள். றங்குப் பெட்டியிலே கிடக்கும் பாடக் குறிப்புகளையும், பாதியில் விட்ட கோட்டுச் சித்திரங்களையும், கடிதங்களையும் என்ன செய்வது? “ஆருக்கு இந்தக் குப்பை?” என்று முற்றத்தில் போட்டு எரித்துவிடலாமா? சட்டப்படி அது அவர்களுடைய சொத்து. ஆனால் உரிமை உள்ளதெல்லாம் நியாயமாகிவிடுமா?

சுவிற்சர்லாந்தில் பிறந்த ஓவியர் போல் கிளேயை எடுத்துக் கொள்ளுங்கள். 1914இல் துனீசியாவுக்கும், பின்னர் எகிப்துக்கும் பயணம் செய்தவர். 1921 முதல் பத்து ஆண்டுகள் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். 1933இல் நாஸி ஆட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்கவே, பேர்ண் நகருக்குத் திரும்பினார். வகுப்புகளுக்காக அவர் எழுதிய குறிப்புகள் ஏறக்குறைய 3,900 பக்கங்கள். அவை இன்றும் பேர்ண் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. கோட்டையும் நிறத்தையும் அவர் எவ்வாறு விளக்கினார் என்பதை, அவரைக் காணாத மாணவனும் அறிந்துகொள்ள முடிகிறது.

நமது நாட்டில் நடந்தது என்ன? 1933இல் குருநகரில் பிறந்த ஓவியர் மாற்கு, பல இளையோருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அவருடைய படைப்புகளில் பல இழக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். எனினும், அவரைக் கௌரவித்து 1987இல் வெளியான ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற நூல் அவரைப் பற்றி இன்றும் பேசுகிறது. ஒரே வீட்டில் இருந்தது அந்த வீட்டோடு போயிற்று. பல வீடுகளுக்குப் போனது நிலைத்தது.

வன்னி வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை இடம்பெயர்ந்து நடந்தபோது, பொலித்தீன் பையிலே எதைக் கொண்டுபோனோம்? பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி. பிள்ளையைத் தூக்கிய கையால் சித்திரக் கொப்பியைத் தூக்க முடியாது. அப்படி விட்டுவந்ததற்காக யாரையும் யாரும் குறை சொல்ல முடியாது. உயிருக்குப் பிறகுதான் ஓவியம்.

ஆனால் அந்த நாட்கள் கழிந்துவிட்டன. இன்று நம் அலுமாரியில் இருப்பதைக் கறையான் தின்றாலோ, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நாமே தூக்கி எறிந்தாலோ, அந்தப் பழியை யுத்தத்தின் மேல் போட முடியுமா?

ஓவியம் முடிந்த வேலை. அது ஆசிரியரின் திறமையைக் காட்டும். அவர் தடுமாறியதையும், அழித்துத் திருத்தியதையும் குறிப்புக் கொப்பிதான் காட்டும். “எனக்கு வராது” என்று பென்சிலை வைத்துவிடும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் உண்டோ? ஆகவே அந்தக் கடதாசியில் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, மாணவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

“அந்தரங்கக் கடிதங்களையும் ஊருக்குக் காட்டுவதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இறந்தவரின் மானத்தைக் காப்பதும் நம் கடமையே. அவற்றைத் தனியே கட்டி வையுங்கள்; இத்தனை ஆண்டுகளுக்குப் பின்பே திறக்கலாம் என்று எழுதி வையுங்கள். காட்டாமல் வைத்திருப்பது வேறு, அழித்துவிடுவது வேறு.

செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு குறியுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியிலே படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், யாழ்ப்பாணம், வவுனியா பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் ஆகியவற்றிடம் கேட்டுப் பாருங்கள்.

காணி உறுதியைப் பத்திரமாகக் காத்தவர்கள் நாம். அறிவுக்கும் ஓர் உறுதி வேண்டாமா? இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.