காத்திருப்பவனிடம் கட்டணம் கேட்கலாமா?



நமது சங்க இதழில் கட்டுரை எழுதுமளவுக்கு அடியேன் படித்தவனல்லன். ஓதியது மதரஸாவில், பிறகு ஆரம்பப் பள்ளியோடு சரி. அதற்கப்பால் கற்றதெல்லாம் மளிகைக் கடைக் கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்து கற்றதுதான். ஆயினும் ஒரு விஷயம் சில நாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால், பிழையிருப்பின் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு கடையில் இருந்தபோது, என் மகள் அமெரிக்கச் செய்தி ஒன்றை வாசித்துக் காட்டினாள். உயிருக்கு அஞ்சி அந்நாட்டில் அடைக்கலம் கேட்டு மனுச் செய்வோர் அதுவரை அந்த மனுவுக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. மனுவுக்கு 100 டாலர். மனு முடிவாகாமல் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 100 டாலர். வேலை செய்ய முதல் அனுமதிச் சீட்டுக்கு 550 டாலர். அதைப் புதுப்பிக்கும்போது கூடுதலாக 275. ஏழையென்று சொல்லி இவற்றிலிருந்து விலக்குக் கேட்கவும் வழியில்லை.

அப்போது பக்கத்துப் பணமாற்றுக் கடை நானாவும் இருந்தார். "இதில் என்ன தம்பி அநியாயம்? பாஸ்போர்ட் எடுக்க நாம் பணம் கட்டவில்லையா? லைசென்ஸுக்குக் கட்டவில்லையா? சும்மா கொடுத்தால் பொய்க்காரனும் வந்து வரிசையில் நிற்பான்" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் அது சரியென்றே பட்டது. இலவசமென்று பலகை போட்டால் என்ன நடக்கும் என்பது கடைக்காரனுக்குத் தெரியாததா!

ஆனால் இரவு பேரேட்டை மூடியபின் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2012ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடிவரவு நீதிமன்றங்களில் தேங்கிக் கிடந்த வழக்குகள் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். 2024 இறுதியிலோ சுமார் 37 லட்சம். நீதிபதிகள் ஏறக்குறைய 700 பேர். தலைக்கு ஐயாயிரத்துக்கும் அதிகம். ஒருவர் நாளொன்றுக்கு மூன்று வழக்கு வீதம், வருஷத்தில் 250 நாள் உட்கார்ந்து முடித்தாலும், புதிதாக ஒரு வழக்குக்கூட வராதிருந்தாலும், இருப்பதைத் தீர்க்க ஏழு வருஷம் ஆகும். 2025இல் அந்த நீதிபதிகளிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டும் விலகியும் போனார்கள். போதாததற்கு, 2028 நவம்பர் முதல் நீதிபதிகள் 800 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது.

இப்போது ஒரு மனிதனை எண்ணிக்கொள்ளுங்கள். அவன் வழக்கு ஏழாண்டு கிடக்கிறது. மனுவுக்கு 100, ஏழாண்டுக்கு 700. வேலை அனுமதி 550. 2025 டிசம்பரிலிருந்து அந்தச் சீட்டுக்குப் பதினெட்டு மாதமே ஆயுள். ஆகவே நான்கு தடவை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 1,100. ஆக 2,450 டாலர். வருஷாவருஷம் விலைவாசிக்கேற்பக் கட்டணம் ஏறுவதையும், வக்கீல் கூலியையும் நான் சேர்க்கவில்லை. அந்த நீதிமன்றங்களில் அரசாங்கம் வக்கீல் வைத்துக் கொடுப்பதில்லை. மனுச் செய்து 180 நாள் ஆகாமல் அனுமதிச் சீட்டுக் கிடைக்காது. உழைக்காதே என்று ஆறு மாதம் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, கட்டணம் எங்கே என்று கேட்பது எந்தக் கணக்கில் சேரும்?

இதைவிட என்னை உறுத்தியது அந்த ஆண்டுக் கட்டணந்தான். மனுவுக்கு ஒருமுறை வாங்குவதையாவது, ஒரு வேலையைச் செய்து கொடுப்பதற்குரிய கூலி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு வாங்குவது எந்த வேலைக்கு? வேலை நடக்கவில்லை என்பதற்கன்றோ அந்தப் பணம்! சரக்கை அனுப்பாத மொத்த வியாபாரி, "உன் சரக்கு இன்னும் என் கிடங்கில் கிடக்கிறது, வாடகை கொடு" என்று பில் அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா? அதிலும், கட்டத் தவறினால் மனுவே தள்ளுபடியாகலாம். இந்தப் பணத்தை எங்கே, எப்படிக் கட்டுவது என்பதிலேயே 2025இல் குழப்பம் ஏற்பட்டு, அந்த அக்டோபரில் மேரிலாந்து மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது.

இந்த வலி எனக்குச் சிறிது தெரியும். சில வருஷங்களுக்கு முன் என் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்தில் காகிதங்களைக் கொடுத்தேன். தவணைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். அது ஒரு கிராணியின் மேஜையிலிருந்து மறு கிராணியின் மேஜைக்குப் போக ஏழு மாதம் பிடித்தது. கடைசியில் கூப்பிட்டு, தாமதத்துக்கென்று அபராதம் கேட்டார்கள். தாமதம் யாருடையது என்று கேட்டேன், ரசீதைத்தான் நீட்டினார்கள். கட்டிவிட்டு வந்தேன். எனக்குக் கடை இருந்தது, வீடு இருந்தது, கட்டப் பணமும் இருந்தது. அன்றிரவு சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் நானாவிடம் இதைச் சொன்னேன். "பொய்க்காரனுக்கு என்ன பதில்?" என்று விடாமல் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பிழைப்புக்காக வந்து, உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களைக் கொண்டுவருவது எது? தாமதம். தோற்கப் போகிற வழக்குக்காரனுக்கு ஏழு வருஷம் என்பது லாபம். அத்தனை வருஷம் வேலை செய்யலாம். ஜெயிக்க வேண்டிய வழக்குக்காரனுக்கோ அதே ஏழு வருஷம் முழுக்க நஷ்டம். சாட்சி சொல்ல இருந்தவர் மவுத்தாகிவிடுவார், தழும்பு மறைந்துவிடும், ஊரில் விட்டு வந்த மனைவி மக்களை, அடைக்கலம் கிடைத்த பிறகுதான் அதன்பேரில் அழைத்துக்கொள்ள முடியும். கட்டணமும் இந்தப் பக்கமே சாய்கிறது. சம்பாதிக்கத் திட்டமிட்டு வந்தவன் நூறு டாலரைக் கூலியில் ஒரு செலவாக எழுதிக்கொள்வான். இரவோடிரவாக ஓடி வந்த விதவை எங்கே போவாள்? உமியைப் பிரிக்கப் பிடித்த சல்லடை நெல்லையல்லவா வெளியே தள்ளுகிறது!

இது வெறும் வாய்ப்பேச்சன்று. 1994ஆம் ஆண்டிலும் அந்நாட்டில் இதே நெருக்கடி வந்தது. அப்போதும் மனுவுக்கு 130 டாலர் வாங்கலாமென்று யோசனை சொல்லி, எதிர்ப்பு வந்ததால் கைவிட்டார்கள். பதிலாக, விசாரணை அதிகாரிகளையும் நீதிபதிகளையும் பெருக்கினார்கள்; மனுப் போட்டவுடன் வேலை அனுமதி என்பதை நிறுத்தினார்கள்; புதிய மனுக்களை உடனுக்குடன் விசாரித்தார்கள். அடுத்த ஆண்டில் புதிய மனுக்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. பொய்யை விரட்டியது காசு அல்ல, சுறுசுறுப்பு. 2018 ஜனவரியில் அதே முறையை மறுபடி கொண்டுவந்து, கடைசியாக வந்தவனை முதலில் கூப்பிட்டார்கள். இம்முறை மலையளவு பாக்கி இருந்ததால் பழைய மனுக்காரர்கள் அடிமூட்டையாகவே கிடந்தார்கள். பழைய சரக்கை முதலில் விற்க வேண்டும் என்பது கடைப் பையனுக்குத் தெரிந்த பாடம்.

"அப்படியானால் செலவை யார் தலையில் வைப்பது?" என்றார் நானா. அதற்கும் அவர்களே ஒரு வழி கண்டிருந்தார்கள். 2024 ஏப்ரல் முதல், வெளிநாட்டு ஆட்களுக்கு மனுச் செய்யும் முதலாளிகளிடம் மனுவுக்கு 600 டாலர், சிறு நிறுவனமென்றால் 300 என்று, அடைக்கலப் பகுதியின் செலவுக்கென்றே வசூலித்தார்கள். தரும ஸ்தாபனங்களுக்கு அதுவுமில்லை. முதலாளிமார் முணுமுணுத்தார்கள், நானும் வியாபாரிதான், நானாக இருந்தாலும் முணுமுணுத்திருப்பேன். ஆனால் முணுமுணுக்கிறவனுக்குக் கொடுக்க இருக்கிறது. ஒரே வருஷத்தில் அந்தச் சுமையில் ஒரு பங்கை எடுத்து, ஒன்றுமில்லாதவன் தோளில் வைத்துவிட்டார்கள்.

நமக்கு அபிசீனியா சரித்திரம் தெரியும். மக்காவிலிருந்து ஓடிவந்தவர்களைப் பிடித்துத் தரும்படி குறைஷிகள் தூதரை அனுப்பினார்கள். கையில் காணிக்கைகளும் கொடுத்தனுப்பினார்கள். நஜ்ஜாஷி மன்னர் இரு சாராரையும் சபைக்கு அழைத்து, ஜஃபர் (ரலி) அவர்கள் பேசக் கேட்டு, தீர்ப்புச் சொல்லி, காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் காலத்தில் 37 லட்சம் வழக்கு இல்லைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் முதலில் கேட்டது காசையன்று, வழக்கை.

அமெரிக்காவைப் பேச நமக்கு வாய் உண்டா என்று யாரேனும் கேட்கலாம். நியாயமே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நம் மலேசியா சேரவில்லை. இங்கே ஐக்கிய நாட்டு அகதிகள் அலுவலகத்தில் பதிவான ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வரிசையில் நிற்க ஒரு நீதிமன்றமே இல்லை. நம் கடை வாசலில் ரொக்கத்துக்கு அரிசி வாங்கிப்போகும் ரோஹிங்கியா வாலிபனை நானும் பார்க்கிறேன். அவன் அட்டையை மட்டும் பார்க்கிறேன், கதையைக் கேட்டதில்லை.

நேற்று நானா மறுபடி வந்தார். "முதல் நூறு டாலரில் நான் மாறமாட்டேன் தம்பி. ஆனால் அந்த வருஷக் கட்டணத்தை மட்டும் நீ சொல்கிறபடி அடித்துவிடலாம்" என்றார். கட்ட இயலாதவனுக்கு அந்த முதல் நூறிலும் விலக்கு வேண்டும் என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் பதில் வரவில்லை.