சேய்மையும் அண்மையும்

சென்னைக்கும் காசிக்கும் இடையே ஆகாயமார்க்கமாக அளந்தால் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் என்றும், மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் காசி விமான நிலையமான பாபத்பூரில் இறங்கிவிடும் என்றும் அறிகிறவர்கள், 1830-ஆம் ஆண்டு மே மாதத்தில் இதே சென்னையிலிருந்து பெரும் பரிவாரத்தோடு காசியாத்திரை புறப்பட்ட ஏனுகுல வீராசாமி மறு ஆண்டு செப்டம்பரில்தான் வீடு திரும்பினார் என்பதையும் கேட்கும்பொழுது, விஞ்ஞானம் தூரத்தையே அழித்துவிட்டதென்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறைந்தது காலம், தூரம் குறைந்ததா என்பது தனியே விசாரிக்கத்தக்கது.

இவ்விசாரணையை நம் தார்க்கிகர்கள் வெகு நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். அன்னம்பட்டருடைய தர்க்கசங்கிரகம் 24 குணங்களுள் பரத்வம், அபரத்வம் என்னும் சேய்மை அண்மைகளையும் எண்ணி, திக்கினால் வருவன, காலத்தினால் வருவன என்று அவற்றை இருவகைப்படுத்துகிறது. இக்குணங்கள் தோன்றுவதற்குத் திக்கு மட்டும் போதாது, ஓரிடத்தில் நின்று, 'இதைவிட அது அப்பால் உள்ளது' என்று ஒப்பிட்டறிகிற ஒருவனுடைய அபேக்ஷாபுத்தியும் வேண்டும் என்பது வைசேஷிகர் கொள்கை. அப்படியானால், ஒருவனுக்கு அண்மையாயுள்ள ஊர், அவன் பக்கத்திலேயே நிற்கும் மற்றொருவனுக்குச் சேய்மையாதல் கூடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இது கண்கூடு. அங்குள்ள இரும்பாலைகளில் உழைக்கும் வடநாட்டுத் தொழிலாளருள் காசிக்கு அருகே பிறந்த ஒருவனுக்குத் தாய் இறந்த செய்தி கைபேசியில் கணப்பொழுதில் வந்துவிட, விமானக் கட்டணத்துக்கு வகையின்றி முன்பதிவில்லாத ரயில்பெட்டியில் நெருக்குண்டு அவன் போய்ச் சேர்வதற்குள் சிதை ஆறிவிடுகிறது. யாத்திரிகருக்கு ஒரு காலைப்பொழுதில் எட்டுகிற காசி, அம்மண்ணின் மகனுக்கு எட்டவில்லை.

இது பொருளாதாரமேயன்றித் தத்துவமாகுமா என்று கேட்கலாம். கும்மிடிப்பூண்டி இருக்கும் அதே மாவட்டத்துத் திருவள்ளூர் இதற்கு விடை வைத்திருக்கிறது. தை அமாவாசையன்று ஹிருத்தாபநாசினியில் நீராடத் திரளும் ஜனங்கள் தரிசிக்கிற வீரராகவப் பெருமாள், தவமிருந்த சாலிஹோத்திர முனிவரைத் தேடிக் கிழவேதியராகத் தாமே வந்து, அன்னம் கேட்டு உண்டு, படுக்க இடமும் கேட்டுப் பெற்று, அவர் சிரசின்மேல் கையை வைத்தபடி சயனித்தார் என்பது ஸ்தலபுராணம். ஜீவன் நடந்து கடக்க இயலாத தூரத்தைச் சர்வசக்தனான ஈசுவரனே கடந்து வந்தான் என்றால், கடக்கும் கடமை வல்லவனைச் சார்ந்தது என்பதன்றி அக்கதைக்கு வேறு தாத்பரியம் இல்லை.

ஆகையால், சென்னையிலிருந்து விமானமேறிச் சில மணி நேரத்தில் கங்கையில் மூழ்கி எழுவதைப் புண்ணியமாக எண்ணும் ஆலை முதலாளி, தம்மிடம் உழைப்பவன் ஈமக்கடனுக்கு உரிய வேளையில் ஊர் சேர விடுப்பும் விமானச் சீட்டும் கொடுத்தனுப்புவாராயின், தாம் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே காசியாத்திரையின் பலனை அடைந்தவராவார்.