தோளுக்கு வந்த பங்கு

காலாப்பட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா'. ஒரு மாலை, அவர் வீட்டுத் திண்ணையில் பேச்சு துப்பாக்கியின் பக்கம் திரும்பியது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். சிறுவனாக இருந்த அவர், தந்தையோடு வடக்கே கழுவெளிக்கு வாத்து வேட்டைக்குப் போனாராம். உதைக்குமே என்ற பயத்தில் துப்பாக்கிக் கட்டையைத் தோளுக்கு எட்டப் பிடித்துச் சுட்டார். தோள் கன்றிப்போய் ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

"விலக்கிப் பிடிச்சாத்தான்டா அடிக்கும். தோளோடு அணைச்சுப் பிடிச்சு, முன்னங்காலில் சாய்ஞ்சு நில்லு. அப்போ உதைக்காது, தள்ளும், அவ்வளவுதான்" என்றாராம் தந்தை.

வாழ்க்கைக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. தன் செயலின் விளைவை எட்ட நிறுத்தப் பார்ப்பவனைத்தான் அது ஓங்கி அறைகிறது. 'என்னுடையதுதான்' என்று ஏற்பவன் தாங்கிக்கொள்கிறான். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்கிறோம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று 1687-இல் நியூட்டனும் எழுதிவைத்தார். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல என்பது கணக்குப் போட்டபோது தெரிந்தது. பன்னிரண்டு போர் துப்பாக்கியின் எடை சுமார் 3 கிலோ. அதிலிருந்து பாயும் ஈய ரவை சுமார் 30 கிராம். ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், துப்பாக்கி 4 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். விசை சமம்தான். ஆனால் தாக்கும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் சுட்டவன் தோளுக்கு வருகிறது. கனமான துப்பாக்கியும், ரப்பர் வைத்த கட்டையும், பழகிய தோளும் அந்த ஒரு பங்கின் வலியையும் குறைத்துவிடும்.

ஆகவே இயற்கை நமக்காக நீதி வழங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அதிகாரியின் கையெழுத்தும், பெரியவர்களின் கடுஞ்சொல்லும் இப்படித்தான். பாய்கிற இடத்தில் உயிர் துடிக்கிறது. புறப்பட்ட இடத்தில் தோள் லேசாக அசைகிறது. மீதித் தொண்ணூற்றொன்பது பங்கை உணர்வதற்கு மனசாட்சி ஒன்றுதான் உண்டு.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. அதைச் சொன்னதும் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை.

"தோள் ஒரு வாரத்திலே ஆறிடுச்சு, தம்பி. அடிபட்ட வாத்து கோரைக்குள்ளே போயிடுச்சு. இருட்டும்வரை தேடினோம், கிடைக்கலை. அதுதான் இன்னும் வலிக்குது" என்றார்.