கைதட்டினால் போதுமா?

இளம்பிராயத்திலேயே மேடையேறி, மூத்த வித்துவான்களும் மெச்சும்படி வாசிக்கும் பிள்ளைகளைக் கண்டு வியக்கிறோம். "பிறவி ஞானம்" என்கிறோம். புகழுரை போலத் தோன்றும் இச்சொல் நம் கடமையினின்று நழுவவும் சாக்காகிறது. ஞானம் பிறப்பிலேயே வருவதாயின், நம் வீட்டுத் தங்கைக்கு நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை அன்றோ?

மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. ஆந்திரத்துப் பாலக்கொல்லில் 1969இல் பிறந்த அவர், ஆறு வயதில் தந்தையின் மாண்டலினைக் கையிலெடுத்தார். அவருக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கோ அக்கருவி வாசிக்கத் தெரியாது. ஆசிரியர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். புகழெய்திய பின் ஸ்ரீநிவாஸ் தம் தம்பி ராஜேஷுக்குத் தாமே கற்பித்து, மேடையில் அருகே அமர்த்திக்கொண்டார். 2014இல் அண்ணன் மறைந்தார். தம்பியின் வாசிப்பு தொடர்கிறது.

கருவி அறியாத ஆசிரியர் இவ்வளவு செய்தாராயின், சங்கீதம் அறியாத அண்ணனும் சிறிது செய்யலாகும். பாகான் டத்தோத் தென்னந்தோட்டத்து வீடாயினும் ஈப்போ நகரத்து வீடாயினும், தங்கை சாதகம் செய்யும் ஒரு நாழிகை தொலைக்காட்சியை நிறுத்தலாம். வகுப்பு தெலுக் இந்தானில் இருப்பினும் அழைத்துச் செல்லலாம். "பெண்ணுக்குப் பாட்டு எதற்கு?" என்னும் உறவினருக்கு அவள் சார்பில் விடை கூறலாம்.

அவள் மேடையேறாமலே போகலாம், அதனால் நட்டமில்லை. அவளை வித்துவாம்சினியாக்கும் பொறுப்பு நம்முடையதன்று. விரும்பியதைக் கற்க அவளுக்கு இடமும் பொழுதும் தருவதே நம் கடன். அன்பர்களே, இன்று மாலை அவள் பாடும்பொழுது, சுரம் பிசகினாலும் நகையாது, அருகில் அமர்ந்து கேளுங்கள்.