ஆறெழுத்துச் சமரசம்

கைப்பேசிகளில் பல வருடங்களாகச் சுற்றிவரும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலத்தில் டெம்பிள், மாஸ்க், சர்ச் ஆகிய மூன்றுக்கும் ஆறாறு எழுத்து. கீதா, பைபிள், குரான் மூன்றுக்கும் ஐந்தைந்து. லவ் நான்கு, ஹேட் நான்கு. பாசிட்டிவ் எட்டு, நெகட்டிவ் எட்டு. இதெல்லாம் தற்செயலா என்று கேட்டுவிட்டு, எல்லா மதமும் ஒன்று, இன்பமும் துன்பமும் ஒன்று என்று அது முடியும். அக்கா மகன் எனக்கு அனுப்பியபோது தன் கண்டுபிடிப்பையும் சேர்த்திருந்தான். "மாமா, எண்ணிக்கை மட்டுமில்லை, பல ஜோடிகளில் கடைசி எழுத்தும் ஒன்றே. இது யாரோ போட்ட கணக்குதானே?"

அவன் சொன்னது சரி. லவ், ஹேட் இரண்டும் 'ஈ' எழுத்தில் முடிகின்றன. பாசிட்டிவ், நெகட்டிவ் அப்படியே. ஒன்பது எழுத்து நாலெட்ஜும் ஒன்பது எழுத்து இக்னரன்ஸும் அப்படியே. நண்பர்களும் பகைவர்களும் ஏழெழுத்தில் வந்து 'எஸ்' எழுத்தில் முடிகிறார்கள். ஜாயும் கிரையும் மூன்றெழுத்து, கடைசியில் 'ஒய்'.

நான் மதுரையில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். ஆங்கில எழுத்துக் கேஸில் எல்லாவற்றிலும் பெரிய அறை 'ஈ'க்குத்தான். கை நேராகப் போய் விழும் நடுவிடத்தில் அது இருக்கும். எடுக்க எடுக்கத் தீரும். அந்த மொழியில் அதிகம் புழங்கும் எழுத்து அதுதான். தந்தியின் மோர்ஸ் குறியீட்டில் அதற்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்ததும் அதனால்தான். சொற்களின் கடைசியில் வந்து உட்காருவதிலும் அதற்கே முதலிடம். அப்படியிருக்க, இரண்டு சொற்கள் அதில் முடிந்தால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

லவ் என்ற சொல்லில் அந்த 'ஈ' ஒலிப்பதே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் லுஃபு. 'யூ'வும் 'வி'யும் ஒரே வடிவமாக எழுதப்பட்ட காலத்தின் மிச்சமாக, ஒரு சொல்லை 'வி'யோடு நிறுத்தாமல் பின்னால் ஓர் 'ஈ' வைப்பது வழக்கமாயிற்று. கிவ், ஹேவ், லிவ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் ஒரே லத்தீன் விகுதியைப் பிரெஞ்சு வழியாகப் பெற்றவை. ஒரே விகுதி ஒட்டிய சொற்கள் ஒரே எழுத்தில்தான் முடியும். நண்பர்கள், பகைவர்கள் என்பதில் வருவது வெறும் பன்மைக் குறி. அதை எடுத்துவிட்டால் ஃபிரெண்ட் ஆறெழுத்து, எனிமி ஐந்தெழுத்து. கணக்கு உடைந்துபோகிறது. ஒருமையில் பொய்யாகிற உண்மை என்ன உண்மை?

பட்டியலை நிதானமாகப் படித்தால் இந்தக் கைவேலை எங்கும் தெரிகிறது. வாழ்வுக்கு எதிராக அதில் சாவு இல்லை, 'செத்த' என்ற பொருளுள்ள டெட் இருக்கிறது. டெத் என்றால் ஐந்தெழுத்தாகிவிடும். கீதைக்கு ஆங்கிலத்தில் பரவலாக எழுதும் நாலெழுத்தை விட்டு, ஐந்து வருவதற்காக 'ஐ'க்குப் பதில் இரண்டு 'ஈ' போட்டிருக்கிறார்கள். காட், டெவில் இரண்டும் எங்கே? மூன்றும் ஐந்தும் என்பதால் இல்லை. ஹெவனும் ஹெல்லும், பீஸும் வாரும், லைட்டும் டார்க்னஸும் இதே காரணத்தால் இல்லை. சமயம் இத்தனை காலமாகப் பேசிவரும் எதிர்மைகளே விடுபட்ட பட்டியலை வைத்துச் சமயத்தைப் பற்றி முடிவு சொல்லலாமா?

இதைவிட என்னைத் தைத்தது வேறு. ஆறெழுத்துதான் சமத்துவத்தின் சான்று என்றால், எட்டெழுத்துக் குருத்வாராவில் கும்பிடுகிறவர் வெளியே நிற்க வேண்டும். ஒன்பதெழுத்து சினகாக் யூதர்களும் வெளியே. மருமகன் சொன்ன கடைசி எழுத்தையும் சேர்த்துக்கொண்டால் டெம்பிளும் மாஸ்க்கும் 'ஈ'யில் சேர்ந்துகொள்ள, 'ஹெச்'சில் முடியும் சர்ச் தனித்துப் போகிறது. தமிழில் எண்ணினாலோ கோயில் மூன்று, தேவாலயம் ஐந்து, பள்ளிவாசல் ஆறு. நல்ல மனதோடு தொடங்கிய கணக்கு இப்படி ஆட்களை வெளியே தள்ளுகிறது.

எந்த இரண்டு பொருளையும் எடுத்து, ஏதோ ஒரு வகையில் ஒத்திருக்கின்றன என்று காட்டிவிடலாம். நெல்சன் குட்மன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1970இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் ஒப்புமையை இந்தக் கோணத்தில்தான் கடுமையாகச் சோதித்தார். எந்த ஒப்புமை கணக்கில் வரும் என்று முதலில் சொல்லாமல், 'ஒத்திருக்கிறது' என்பதற்குப் பொருளே இல்லை. அவர் வாதம் எனக்கு முழுச் சம்மதம்.

அப்படியானால் எழுத்துக்கும் இறைவனுக்கும் உறவே இல்லையா? இருக்கிறது. எபிரேயத்தில் எழுத்தே எண். பைபிளின் வெளிப்படுத்தல் நூல் சொல்லும் 666, நீரோ சீசர் என்ற பெயரின் எபிரேய எழுத்துகளைக் கூட்டிய தொகை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. பெயரின் கடைசியில் நூன் என்ற எழுத்தை விட்டால் ஐம்பது குறையும், கணக்குச் சரியாகும். அங்கே கடைசி எழுத்துக்கு வேலை இருந்தது. எழுதியவரும் படித்தவரும் ஒரே முறையை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள்.

நானும் தினமும் சிவாயநம என்ற ஐந்தெழுத்து ஓதுகிறவன்தான். சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் அதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். சி சிவம், வா அருள், ய உயிர், ந மறைப்பு, ம மலம் என்று ஒவ்வொன்றுக்கும் சைவ மரபில் இடம் உண்டு. ஐந்து என்ற எண்ணுக்காக அதை யாரும் ஓதவில்லை. உயிர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று ஓதுகிறவன் தன்னைப் பார்த்துக்கொள்ள அது. எண்ணிக்கையோடு முடிந்துபோகும் செய்தியை அதன் பக்கத்தில் என்னால் வைக்க முடியாது.

மதங்கள் சமம் என்பதை நான் மனதார நம்புகிறேன். எங்கள் அச்சகத்தில் ரம்ஜான் வாழ்த்தும், கிறிஸ்துமஸ் அட்டையும், கும்பாபிஷேக அழைப்பிதழும் ஒரே மேஜையில் கோக்கப்பட்டன. முதலாளி இந்து, மெஷின் ஓட்டியவர் முஸ்லிம், புரூஃப் பார்த்தவர் கிறிஸ்தவர். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்ற இருவரும் இரவெல்லாம் கூட இருப்பார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. எழுத்து ஒத்துவருவதால் அண்டை வீட்டாரை மதிப்பவர், அது ஒத்துவராதபோது என்ன செய்வார்? வெறுப்பைப் பரப்புகிறவன் நாளை வேறு பட்டியலோடு வருவான். அதிலும் எழுத்துகள் அழகாகப் பொருந்தும்.

இந்தச் செய்தி உங்களுக்கும் வரும். அனுப்பியவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பெரும்பாலும் அவர் நல்லதை நினைத்தே அனுப்பியிருப்பார். எண்களை மட்டும் அழித்துவிட்டு, வேறு மதத்து மனிதர் ஒருவர் உங்களுக்கு எப்போது, எப்படி உதவினார் என்பதை அந்த இடத்தில் எழுதி, அவருக்கே திருப்பி அனுப்புங்கள்.