தொண்டும் தோழமையும்

வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, உண்டு, உரை கேட்டுக் கலைகின்ற சமூகத் தொண்டுக் கழகங்களைப் பற்றிப் பொதுமக்களிடையே ஒரு வினா நெடுங்காலமாக உலவி வருகிறது. இவர்கள் உண்ணும் உணவுக்கு ஆகும் செலவை ஆண்டு முழுவதும் சேர்த்து, அப்படியே ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் என்ன என்பதே அவ்வினா. கேட்பதற்கு நேர்மையான வினாவாகத்தான் இருக்கிறது. முப்பது உறுப்பினர், ஐம்பது வாரம், தலைக்கு இத்தனை வெள்ளி என்று பெருக்கிப் பார்ப்பவர் எவரும் கழகத்தின் பக்கம் நின்று வாதாடத் தயங்குவர். கணக்கில் பிழை இல்லை. ஆயினும் அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று அக்கூட்டங்களில் நடைபெறுகின்றது. அஃது அறத்தின்பாற்பட்டதா, வெறும் பொழுதுபோக்கா என்று ஆராய்ந்து பார்ப்பது நன்று.

இவ்வகைக் கழகங்களுள் மூத்தது ரோட்டரி. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஓர் அலுவலக அறையில் நால்வர் கூடினர். பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் ஒருவர். மற்ற மூவருள் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கடை நடத்தியவர். உலகைத் திருத்தும் நோக்கம் எதுவும் அன்று அவர்களுக்கு இல்லை. ஹாரிஸ், வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். பெருநகரத்தில் அவருக்குத் தொழில் கிடைத்தது; கட்சிக்காரர்கள் கிடைத்தனர்; நண்பர்கள் கிடைக்கவில்லை. அந்தத் தனிமையைத் தீர்த்துக்கொள்ளவே அவர் கூட்டம் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்தில் சுழன்று சுழன்று கூடியமையால் கழகத்துக்கு அப்பெயர் அமைந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவரே உறுப்பினர் என்றொரு விதியும் வகுத்தனர். உறுப்பினருக்குள் போட்டி இராது. ஒருவர் கடையில் மற்றவர் பொருள் வாங்கலாம். தனிமை பாதி, ஆதாயம் பாதி என்று தோன்றிய கழகம் அது.

1906-ஆம் ஆண்டில் டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்கறிஞரை உறுப்பினராகச் சேருமாறு அழைத்தபோது அவர் இசையவில்லை. தம் உறுப்பினருக்கே பயன்படுகின்ற கழகம் நெடுநாள் நிலைக்காது. ஊருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று வினவினார். அவ்வினாவின் நேர்மையை உணர்ந்து விதிகளைத் திருத்தினர், அவரும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அக்கழகம் மேற்கொண்ட முதற்பணி என்ன தெரியுமா? சிக்காகோ நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க வேண்டும் என்ற முயற்சி. மாலையும் மேடையும் தேடுவோர் முதலில் தேர்ந்தெடுக்கக்கூடிய பணி அன்று அது!

இங்கேதான் அறவினா எழுகின்றது. தனக்குத் துணை வேண்டும் என்று வந்தவன் செய்யும் தொண்டு தூய தொண்டு ஆகுமா?

வள்ளுவப் பெருந்தகை இல்லறவியலை நிறைவு செய்யுமிடத்தில் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. ஒப்புரவோ அதற்கும் முற்பட்டது; ஊரோடு கலந்து வாழ்கின்றவன், தன்னோடு வாழ்வோர் நிலை அறிந்து நடந்துகொள்வது. புகழ் மூன்றாவதாகத் தானே வந்து சேர்வது. இம்முறைவைப்பைச் சிந்தித்தல் வேண்டும் என்பது என் கருத்து. நம் கழகங்கள் பலவற்றில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் புகைப்படக்காரருக்குச் சொல்லி அனுப்புகின்றனர். பிறகு பொருள் வாங்குகின்றனர். வாங்குகின்ற மனிதனின் நிலையை அறிவதற்குள் நேரம் முடிந்துவிடுகின்றது.

ஆதாயத்துக்காகக் கூடுவது தொண்டுக்குக் களங்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் துணைக்காகக் கூடுவதை அத்துடன் ஒன்றாக எண்ணுதல் தகாது. ஆதாயம் தேடுவோனுக்கு மற்றவன் ஒரு வாயில். துணை தேடுவோனுக்கு மற்றவன் ஒரு மனிதன்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் 1928-ஆம் ஆண்டில் மனைவி மகளுடன் புறப்பட்டு, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கிழக்காசியா வரை பயணம் செய்து ரோட்டரிக் கழகங்களை நிறுவினார். மலாயாவின் நகரங்களிலும் கழகங்கள் தோன்றின. சிங்கப்பூர்க் கழகம் 1930-இல் அமைந்தது. ஐரோப்பியர் தங்கள் மன்றங்களில் ஆசியரை உறுப்பினராக ஏற்காத காலம் அது. அத்தகைய காலத்தில் ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். அங்கே இடம் பெற்றவர்கள் செல்வரும் படித்தவருமே என்பது மெய். பால்மரம் சீவியவருக்கு அங்கே நாற்காலி இல்லை. பெண்களுக்கும் இல்லை, அமெரிக்க உச்சநீதிமன்றம் 1987-இல் தீர்ப்பு வழங்கிய பின்னர், 1989-இல்தான் உலகெங்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது. இக்குறைகளை மறைப்பது முறையன்று. எனினும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட அச்செயலை, வீண் விருந்து என்று கணக்கர் ஒருவர் எழுதிவிட முடியுமா?

கல்வித்துறையின் சார்பில் சில ஆண்டுகள் சிறு நகரக் கழகமொன்றில் உறுப்பினனாக இருந்தவன் யான். வாரக் கூட்டத்தின் நடைமுறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தலைவர் மணியடிப்பார், நாட்டுப்பண் ஒலிக்கும், விருந்தினர் அறிமுகம், உணவு, பிறகு தண்டம் தண்டும் பகுதி. மகன் பட்டம் பெற்றமைக்கு ஐந்து வெள்ளி, புதுக்காடி வாங்கியமைக்குப் பத்து வெள்ளி, செய்தித்தாளில் படம் வந்தமைக்கு அதனினும் மிகுதி. சிரிப்பொலி எழும், உண்டியல் நிறையும். இவ்விளையாட்டால் ஒருவர் வீட்டு மகிழ்ச்சியை மற்றவர் அறிவர். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். மகிழ்ச்சிக்குத் தண்டம் உண்டு. துயரத்தை அறிவிக்க நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை. அது வேறு ஓர் ஏட்டின் வழியாகத்தான் வெளிப்படும். அந்த ஏடு வருகைப் பதிவேடு.

தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்குக் காரணமின்றி வாராதவர் உறுப்பியத்தை இழக்க நேரும் என்பது நீண்ட காலமாக இருந்துவரும் விதி. வெளியூர் சென்றவர் அங்குள்ள கழகத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு தம் வருகையை ஈடுசெய்யலாம். பள்ளிக்கூடத்துச் சட்டம் போலிருக்கிறதே என்று நகைப்போர் உளர். நகைக்கட்டும். துணிக்கடை வணிகர் ஒருவர் பல ஆண்டுகளாக ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒருமுறை இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லை. செயலாளராக இருந்தவர் காப்புறுதி முகவர். விதியை நினைவூட்டும் சாக்கில் அவர் வணிகரின் வீடு தேடிச் சென்றார். கடை மூடிக்கிடந்தது, கடன்காரர் வாசலில் இருந்தனர், மனைவி படுக்கையில் இருந்தார். சந்தா கட்ட வகையின்மையால் விலகல் கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருந்தார் அந்த வணிகர். செயலாளர் அக்கடிதத்தை எடுத்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அதன்பின் நடந்தவை எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை. வழக்கறிஞர் ஒருவர் இரவுகள் பலவற்றை அவருடைய கணக்கேடுகளுக்கு முன் கழித்தார். வங்கி அதிகாரி கடனைத் தவணை பிரித்துக் கட்டும் வழியைக் காட்டினார். அவ்வாண்டுச் சந்தாவை யாரோ கட்டினர். யார் என்பதைப் பொருளாளர் சொல்லவில்லை. நான்காவது கூட்டத்துக்கு வணிகர் வந்து வழக்கமான நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கறியைப் பரிமாறிக்கொண்டே மழையைப் பற்றிப் பேசினார். அவ்வளவே. அக்கழகம் அவ்வாண்டு செய்த பணிகளுள் தலையாயது அதுவே என்று யான் கருதுகின்றேன். ஆண்டறிக்கையில் அது இடம் பெறவில்லை. இடம் பெறாமையே அதன் சிறப்பு.

இனித் தலைமையாசிரியனாகப் பெறுகின்ற பக்கம் நின்று கண்டதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை மாணவர்க்கு மூக்குக் கண்ணாடி வழங்கினர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினர், பின்னால் பதாகை, முன்னால் புகைப்படக் கருவி. மறுநாள் செய்தி வந்தது. மூன்று வாரத்தில் நான்கு கண்ணாடிகள் உடைந்தன. ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணாடி உடையாமல் வேறென்ன செய்யும்? யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்க்கும் அது தெரிய வழியில்லை. மற்றோர் ஆண்டு வேறு ஒரு கழகத்தைச் சேர்ந்த கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமைதோறும் தனியே வந்தார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார். உடைந்த கண்ணாடியை ஒரு சிறுமி கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்து, "ஐயா, திட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவரிடம் நீட்டினாள். அவர் கையோடு திருகாணியை முடுக்கிக் கொடுத்தார். கொடுத்த பொருள் இரண்டு முறையும் ஒன்றே. மீண்டும் வருவார் என்ற உறுதி முதற்கூட்டத்தாரிடம் இல்லை, இவரிடம் இருந்தது.

தங்களுக்குள் வாரந்தோறும் வருகை கேட்டுக்கொள்ளும் கழகத்தார், தாம் உதவும் மக்களிடம் ஆண்டுக்கொரு முறை மட்டும் செல்வது ஏன்? உறுப்பினர் ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் தேடிச் செல்கின்றனர். பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளையைத் தேடுவதற்கு அந்த ஏட்டில் பக்கம் இல்லை. விருந்துச் செலவைக் குறைகூறுவோர் இந்த இடத்தைத் தொடாமலே போய்விடுகின்றனர்.

ரோட்டரி உலக அளவில் ஆற்றிய பெரும்பணியையே எடுத்துக்கொள்வோம். இளம்பிள்ளைவாத ஒழிப்புக்காக 1979-இல் பிலிப்பீன்சில் தொடங்கி, 1985-இல் உலகத் திட்டமாக விரித்தனர். 1988-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 350,000 குழந்தைகளை முடக்கிய நோய், பிறகு பல அமைப்புகளின் கூட்டு முயற்சியால் மிகச் சிலவாகக் குறைந்தது. இயற்கையான கிருமி தொடர்ந்து பரவும் நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டுமே. இவ்வெற்றி பணத்தால் மட்டும் வந்ததன்று. அச்சொட்டு மருந்தை ஒரு முறை கொடுத்தால் போதாது. அதே குழந்தைக்கு மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டும். மருந்து பெற்ற குழந்தையின் விரலில் மை இட்டனர். வீட்டுச் சுவரில் குறியிட்டனர். விடுபட்ட குழந்தையைத் தேடி மறுபடியும் அதே வாசலுக்குச் சென்றனர். அதுவும் ஒரு வருகைப் பதிவேடே அல்லவா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. விடியுமுன் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார். வாராதவர் பெயருக்கு எதிரே கோடு விழும். அன்றைய கூலி போகும். அவ்வளவோடு கிராணியின் கடமை முடிந்தது. லயத்திலோ வேறொரு பதிவு நடந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் புகை எழவில்லையே என்று ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். காய்ச்சல் என்றால் கஞ்சி போகும். சாவு என்றால் அந்த வரிசையில் எவர் வீட்டிலும் உலை ஏறாது. மணியும் இல்லை, தலைவரும் இல்லை, சந்தாவும் இல்லை. திருமணத்துக்கு வைத்த மொய்கூட ஏட்டில் எழுதப்பட்டுத் திரும்பச் செலுத்தப்பட்டது. அது ஈகை அன்று, ஒப்புரவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னர், அடுப்புப் புகையைப் பார்த்து அறியும் வழி அடைபட்டுப் போயிற்று. சிக்காகோவில் ஹாரிஸ் பட்ட தனிமையை இன்று நம் மக்களும் பதினான்காவது மாடியில் படுகின்றனர். அவர்களுக்கும் வாரம் ஒருமுறை பெயர் கேட்பார் வேண்டும். ஆலயக் குழுவானாலும், பெற்றோர் ஆசிரியர் சங்கமானாலும், வாசகர் வட்டமானாலும் அதைச் செய்யலாம். கோட்டு அணிந்தோர் கழகம்தான் வேண்டும் என்பதில்லை.

காலம் விதிகளையும் மாற்றிவிட்டது. 2016-இல் ரோட்டரியின் சட்டமன்றம் வருகை விதியைத் தளர்த்தி, திங்களுக்கு இரு முறை கூடினாலே போதும் என்று இசைவளித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் திரையிலேயே கூடிக்கொள்ளவும் பலர் பழகினர். வேலைப்பளு மிக்க இளைஞர் சேர்வதற்கு இஃது உதவும் என்கின்றனர். உதவலாம், மறுக்கவில்லை.

யான் அறிந்த சிற்றூர்க் கழகமொன்றில் உறுப்பினர் பதினொருவராகக் குறைந்துவிட்டனர். கூட்டத்தை இரு வாரத்துக்கு ஒரு முறையாக மாற்றலாம் என்று ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிந்தார். மேசையின் கோடியில், மனைவியை இழந்து தனியே வாழும் ஓய்வுபெற்ற மருந்தாளர் அமர்ந்திருந்தார். வாக்கெடுப்புக்கு முன் அவர் மெல்ல எழுந்து, "இடையில் வருகின்ற வியாழக்கிழமை நான் எங்கே போவது?" என்று கேட்டார். முன்மொழிவு அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.